திருப்பி வைத்த ஞாயிற்றுக்கிழமை

அத்தியாயம் ஒன்பது

ரத்தத்தைக் கழுவ சகாய ஆண்டனி யாரையும் விடவில்லை. சிந்த வைத்தவனே வந்து கழுவட்டும், பிறகு அவனுடையதைக் கழுவ வேறு ஆள் பார்க்கலாம் என்று, அண்ணனின் சவப்பெட்டித் தலைமாட்டில் நின்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை தெறித்தது, வியாழக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்கும் சர்வர் அறைத் தரையில் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

செந்தாமரை குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்தாள். எந்தத் திசையில் தெறித்தது, எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் போலீஸ் அளந்துகொண்டு போயாயிற்று. அவள் தேடியது, அடித்தவருக்குக் கோபம் எங்கே ஆரம்பித்து எங்கே தீர்ந்தது என்பதை. பதினைந்து வருடம் காக்கி போட்டவள். ஸ்டேஷனில் ஒருவனின் தாடையை உடைத்தாள். அவன் குற்றவாளியே இல்லை என்று மறுநாள் தெரிந்தது. அன்றைக்கே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள். அந்த எலும்பு விட்டுக்கொடுத்த சத்தம் அவள் காதில் தங்கவில்லை. வலது கையில் தங்கிவிட்டது.

"அக்கா, ரொம்ப நேரம் பாக்காதீக. அது ஒண்ணும் கோலம் இல்ல," என்றாள் வின்சி.

வின்சி அவளுடைய உதவியாள். முப்பத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முன் இதே அறையில் எட்டு மாதம் படித்து, பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவள். துப்பறியும் வேலைக்கு வந்ததைப் பற்றிக் கேட்டால், அங்கேயும் யார் தப்பு என்று தேடினோம், இங்கேயும் அதையே தேடுகிறோம், இங்கே மார்க் கிடையாது என்பாள்.

இறந்தவர் தைரியநாதன். கோட்டையூரில் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்கட்டில் குடியிருந்து, பின்கட்டில் பயிற்சி நிலையம் நடத்தினார். சர்வர்களையும் கிளவுட்டையும் நிர்வகிக்கும் வேலைக்கு வேண்டிய சர்டிபிகேட் பரீட்சைகளுக்கு இருபது வருடமாக ஆள் தயார் செய்தவர். அவரிடம் படித்தவர்கள் பெங்களூரில் இருந்தார்கள், சிங்கப்பூரில் இருந்தார்கள். அத்தனை பேர் விரல் முட்டியிலும் ஒரு பழைய காயம் இருந்தது. சர்வர்களை அடுக்கும் ரேக்கில் பொருத்துகிற இரண்டடி இரும்புச் சட்டம் ஒன்றை அவர் எப்போதும் கையில் வைத்திருப்பார். தப்பு செய்தால் அதுதான் பேசும். செவ்வாய்க்கிழமை அந்தச் சட்டத்தாலேயே யாரோ அவர் தலையை உடைத்திருந்தார்கள்.

யாரோ என்று சொன்னவர்கள் செந்தாமரையும் வின்சியும் மட்டுந்தான். ஊர் முழுக்க முத்தரசு என்றே சொன்னது. இருபத்திநாலு வயது மாணவன். சனிக்கிழமை வகுப்பில் நாற்பது பேர் முன்னால் தைரியநாதன் அவனை அந்தச் சட்டத்தால் விளாசியபோது, சட்டத்தை எட்டிப் பிடித்து, இதே கம்பியால் ஒரு நாள் உன் மண்டையைப் பிளக்கிறேன் பார் என்று கத்தியிருக்கிறான். செவ்வாய் மதியம் சாவுச் செய்தி கேட்டதும் ஓடிவிட்டான். போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது. ஆண்டனியும் இரண்டு பங்காளிகளும் ஒரு லோடு வேனில் அரிவாளோடு தேடிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அண்ணன்மேல் மண் விழுவதற்குள் முத்தரசை முடிப்பது என்று ஆண்டனி பெட்டிமேல் கை வைத்துச் சொல்லியிருந்தான்.

முத்தரசின் அக்காள் ரோகிணி முந்தின நாள் செந்தாமரையிடம் வந்தாள். அழவில்லை. "என் தம்பியத் தேட வேணாம்க்கா. அதுக்கு ஊரே கெளம்பியிருக்கு. செஞ்சது யாருன்னு தேடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

சர்வர் அறைச் சாவி தைரியநாதனின் மனைவி மெர்சியிடம் இருந்தது. செந்தாமரை கேட்டபோது, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெர்சி நிமிராமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்துவிட்டு, முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்து மூடிக்கொண்டாள். பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவியை வின்சியிடம் கொடுத்துத் தெருப்பக்கமாகப் போய்ப் பின்வாசலைத் திறக்கச் சொல்லிவிட்டு, செந்தாமரை வீட்டுக்குள்ளாகவே பின்கட்டுக்கு நடந்தாள். நடையில் ஒரு சின்ன அறை திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வேறு ஒரு துரும்பு கிடையாது. சுவரில் மூன்று ஆணி. படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. திரு இருதய ஆண்டவர் படமும், கடிகாரமும், காலண்டரும் வெளியே நடையில் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தப்பட்டிருந்தன. வெள்ளையடிக்க எடுத்திருப்பார்கள் என்று யாரோ ஒரு உறவுக்காரி சொன்னாள்.

இப்போது வின்சி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தின அவளுடைய மாணவர் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது.

"படிச்சு முடிச்சவன் கணக்க மொதல்ல மூடணும்னு இதே ரூம்ல சட்டத்தால தட்டிச் சொல்லிக் கொடுத்தாரு. அவரே மூடல. நல்ல வாத்தியாரு."

செந்தாமரை கேமராவைப் பற்றிக் கேட்டாள். அறை மூலையில் கேமரா இருக்கிறது. ஆனால் பதிவில் ஞாயிறு மாலையோடு படம் நின்றுவிட்டது, மெஷின் கெட்டுவிட்டது என்று போலீஸ் எழுதியிருந்தது.

வின்சி ரேக்கைக் காட்டினாள். இந்த இரும்புப் பெட்டிக்குள் நாற்பது கம்ப்யூட்டர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, ஒரு பெரிய வீட்டை நாற்பது குடித்தனத்துக்கு வாடகைக்கு விட்ட மாதிரி என்றாள். கேமராப் படத்தைச் சேர்த்து வைக்கும் மெஷினும் அதில் ஒரு குடித்தனம். இந்தக் குடித்தனங்களை எந்த நேரத்திலும் இருந்தபடியே நிறுத்திப் படம் பிடித்து வைக்கலாம். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். பிறகு ஏதாவது கெட்டுப்போனால் அந்தப் படத்துக்கே திரும்பிப் போய்விடலாம்.

"கெட்டுப் போகலக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எப்படி இருந்துச்சோ அப்படியே யாரோ திருப்பி வச்சிருக்காக. திங்கள், செவ்வாய் ரெண்டும் இந்த மெஷினுக்கு விடியவே இல்ல."

செந்தாமரைக்கு ஒரு கணம் பொறாமையாக இருந்தது. ஒரு தாடைக்கு முந்தின நாளுக்கு, யாராவது தன்னையும் அப்படித் திருப்பி வைத்திருந்தால்.

வின்சி மெஷினை ஒரு தடவை நிறுத்தி ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தபோது அவள் கை வேறெங்கோ போய் எதையோ அழுத்தியது. அழுத்துகிற நேரத்தில் அவள் இடது தோள், மேலே யாரோ கை ஓங்கியது போல லேசாக ஒடுங்கியது.

"இப்ப என்ன செஞ்ச?"

"எங்க?"

"நிறுத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு அமுக்குனியே."

வின்சி தன் கையையே புதிதாகப் பார்த்தாள். அது ஸ்னாப்ஷாட். எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தாக வேண்டும். எடுக்காமல் தொட்டால் முட்டியில் விழும். எட்டு மாதம் விழுந்ததில் இப்போது மூளைக்குச் சொல்லாமல் கையே செய்துவிடுகிறது.

"இங்க படிச்ச எல்லாருமே இப்படித்தானா?"

"ஒருத்தனத் தவிர. முத்தரசு எடுக்க மாட்டான்னு கூடப் படிக்கிறவக சொன்னாக. காசுக்கு விக்கிற பழைய பரீட்சைக் கேள்வி-பதிலு எழுநூறயும் மனப்பாடம் பண்ணி எழுதி மூணு தடவ கோட்டை விட்டவன் அவன். சனிக்கிழம அடி விழுந்ததே அதுக்குத்தான். ஸ்னாப்ஷாட் எடுக்காம எதையோ திருப்பி வச்சு, நாப்பது பேரோட ஒரு வார வேலையும் போச்சு."

செந்தாமரை எழுந்து நின்றாள். அடிபட்டுப் பழகிய கை அடி நின்ற பிறகும் பழசையே செய்யும். அது அவளுக்குத் தெரியும். கொலை செய்த கையும் கையாகத்தானே இருக்கும்.

"ஞாயித்துக்கிழமைய திருப்பி வச்ச ஆளு, அதுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தா?"

வின்சி கீபோர்டுப் பக்கம் திரும்பினாள். ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்தாள். அவளே சற்று முன் எடுத்தது ஒன்று. ஞாயிறு மாலையது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று ஐம்பத்திரண்டு. ஞாயிறு மாலைக்கு மெஷின் திரும்பியது பதினொன்று ஐம்பத்துநாலுக்கு.

"யாத்தே," என்றாள் மெதுவாக. "அழிக்கிறதுக்கு முன்னாடி பத்திரமா எடுத்து வச்சுட்டு அழிச்சிருக்காக. கொலையும் பண்ணி, பாடத்தையும் மறக்கல."

கொலை செய்தது முத்தரசு இல்லை என்பது அவர்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆண்டனியிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவனுக்குப் படம் வேண்டும். அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு மெஷினைத் திருப்பினாலும், உள்ளே இருக்கும் படத்தைப் பார்க்கக் கேமராவின் பாஸ்வேர்டு வேண்டும். அது தைரியநாதனுக்கும், உதவிப் பயிற்சியாளன் ஈஸ்வரனுக்கும் மட்டுமே தெரியும் என்றாள் வின்சி.

ஈஸ்வரன் முன்கட்டில் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் வந்தான். இருபத்தெட்டு வயது, நறுக்கிய மீசை. பாஸ்வேர்டு சாருக்கு மட்டும்தான் தெரியும் என்றான். மாதாமாதம் மாற்றுவதே நீதானே என்று வின்சி கேட்டாள். அவன் பார்வை தரைக்குப் போய், கறையில் பட்டு, அவசரமாகத் திரும்பியது. செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு எங்கே இருந்தாய் என்றாள் செந்தாமரை.

நாற்காலி அவள் முழங்காலில் வந்து மோதியது. ஈஸ்வரன் பின்வாசலுக்குப் பாய்ந்தான். வின்சி ஒரு பழைய பேட்டரியைக் காலால் உருட்டிவிட, அதில் தடுக்கி முகம் குப்புற விழுந்தான். எழும்போது கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஒரே குத்து, செந்தாமரையின் விலாவை உரசிக்கொண்டு புடவையைக் கிழித்தது. அடுத்த குத்துக்கு அவள் இடம் கொடுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து, அவன் முகத்தை ரேக்கின் கம்பிக் கதவில் அறைந்தாள். மூக்கு உடைந்தது. இன்னொரு தடவை அறைந்தாள்.

அந்த இரண்டாவது தேவையில்லை. அறையும்போதே அவளுக்குத் தெரிந்தது. தோள்மூட்டு அவள் விரலுக்கு அடியில் இறுகி நின்றது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினால் கழன்றுவிடும். அவளுக்குள் ஏதோ ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தது. இத்தனை வருடம் அதற்குச் சோறு போடாமல் கொன்றுவிட்டதாக நினைத்திருந்தாள்.

"விடுங்கக்கா," என்றாள் வின்சி. "பாஸ்வேர்டு அவன் வாய்க்குள்ளதான் இருக்கு. தோள்ல தேடாதீக."

விட்டாள். ஈஸ்வரன் தரையில் உட்கார்ந்து, ரத்தமும் சளியுமாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை அவன் கண்டரமாணிக்கத்தில் இருந்தான். வேறொருவன் பெயரில் செய்த அடையாள அட்டையோடு, வேறொருவனுக்காக, ஒரு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கேமரா முன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தால் இந்தத் தொழிலில் அவன் பெயர் முடிந்தது. அதனால் ஓடினான்.

"பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் என் மூஞ்சி பரீட்சைக்காரங்க கேமராவுலதான் மேடம் இருக்கு. கண்ண அங்குட்டு இங்குட்டு திருப்புனாக்கூடத் திட்டுவாங்க."

செந்தாமரை தன் கையைப் புடவையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, அவன் பொய் சொல்லவில்லை என்று புரிந்தது. கேமரா பாஸ்வேர்டு தெரிந்தவன் எதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பப் போகிறான்? தனக்கு வேண்டாத அரைமணி நேரப் படத்தை மட்டும் அழித்துவிட்டுப் போயிருப்பான். மெஷினையே பின்னால் தள்ளியவருக்கு மெஷின் தெரியும், பாஸ்வேர்டு தெரியாது. இதை முதலில் யோசித்திருந்தால் ஒரு மூக்கு தப்பியிருக்கும். மறுபடியும் தவறான ஆள். அவள் தன் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தாள். அவன் வாங்கப் பயந்தான்.

பாஸ்வேர்டைச் சொன்னான். வின்சி தட்டினாள். மெஷின் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்ப நேரம் பிடித்தது. ஈஸ்வரன் கைக்குட்டைக்குள் இருந்து புலம்பிக்கொண்டே இருந்தான். ஒரு பரீட்சைக்கு என்ன பாடு. அந்த வீட்டு அறையைக் காலி பண்ணவே காலையெல்லாம் ஆயிற்று. மேஜைமேல் ஒரு காகிதம் இருக்கக்கூடாது, சுவரில் ஒரு காலண்டர் இருக்கக்கூடாது, கடிகாரம்கூடக் கூடாது. கேமராவை நாலு பக்கமும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள்.

செந்தாமரை திரும்பினாள்.

"நடுவுல வேற யாராச்சும் அந்த ரூமுக்குள்ள வந்துட்டா?"

"அந்த நிமிஷமே பரீட்சைய நிறுத்திருவாங்க மேடம். எழுதுனது அம்புட்டும் போச்சு. தோத்த கணக்குதான்."

மூன்று ஆணி அடித்த அந்தச் சுவர் அவள் கண்முன் வந்து நின்றது. வெள்ளையடிக்க யாரும் கடிகாரத்தை மட்டும் எடுத்துவிட்டு மேஜையையும் நாற்காலியையும் நடு அறையில் போட்டு வைக்க மாட்டார்கள்.

வகுப்பறைச் சுவரில் இருபத்துமூன்று சர்டிபிகேட்டுகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. பாஸ் செய்தவர்கள். மெஷின் தெரிந்தவர்கள் யார் யார் என்று போலீஸ் விசாரித்ததும் அந்தச் சுவரைப் பார்த்துத்தான். செந்தாமரை வின்சியிடம் வேறொன்று கேட்டாள். படிக்கும்போது மெஷின் கெட்டுப்போனால் யார் சரி செய்வார்கள்?

வின்சியின் விரல் நின்றது. சார் திட்டுவார், அடிப்பார், பாடம் நடத்துவார். சரி செய்தது அவர் இல்லை. மதியம் மெர்சியக்கா சாருக்குச் சாப்பாடு கொண்டு வருவார்கள். தூக்குவாளியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் சரி செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார்கள்.

"அவுக பரீட்சை எழுதல?"

"சார் விடல. பொம்பளைக்கு எதுக்கு சர்டிபிகேட், சோத்துப் பானைல ஒட்டவான்னு எங்க முன்னாடியே கேப்பாரு. நாங்களும் சிரிச்சோம்க்கா."

திரையில் படம் வந்தது.

சத்தமில்லாத படம். பதினொன்று முப்பத்தெட்டுக்கு உள்கதவு சுவரில் மோதித் திறந்தது. தைரியநாதன் வந்தார். கையில் ஒரு கொண்டை. கொண்டையோடு மெர்சி தரையில் இழுபட்டு வந்தாள். நல்ல புடவை, முகப்பவுடர், நெற்றியில் படிய வாரிய தலை. கேமரா முன் உட்காரத் தயாரான முகம். அவளை ரேக்கின் காலடியில் எறிந்துவிட்டு, கழுத்தில் காலை வைத்து மிதித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எதையோ அழுத்தினார். அழுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மறுபடி பார்த்தார்.

"மெஷின் ஒவ்வொண்ணா அழிக்கிறாரு," என்றாள் வின்சி. "பரீட்சைக்காக அவுகளே கட்டிப் பழகுனதா இருக்கும். ரெண்டு வருச வேலைக்கா அது."

ஒன்பது தடவை அழுத்தினார். பத்தாவதற்குக் கை போனபோது, தரையில் கிடந்தவளின் விரல்கள் மேஜைக் காலில் சாய்ந்திருந்த இரும்புச் சட்டத்தைத் தொட்டன.

செந்தாமரை எண்ணினாள். முதல் அடி பின்னாலிருந்து. இரண்டாவதில் நாற்காலியோடு சரிந்தார். நாலாவதுக்குப் பிறகு அவர் அசையவே இல்லை. மெர்சி நிறுத்தவில்லை. ஐந்து. ஆறு. ஈஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏழாவது அடியில் சட்டம் கை நழுவி விழுந்தது. அவள் குனிந்து, எடுத்து, மறுபடி ஆரம்பித்தாள். பதினொன்று.

கோபம் எங்கே தீர்ந்தது என்று தேடிக்கொண்டிருந்த செந்தாமரைக்குத் தெரிந்தது. தீரவில்லை. கைதான் ஓய்ந்தது.

பிறகு மெர்சி சட்டத்தைக் கீழே போட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, மவுஸைத் தொட்டாள். அவள் தோள் ஒடுங்கியது. படம் அதோடு முடிந்தது.

செந்தாமரையின் போன் அடித்தது. ரோகிணி. இந்தத் தடவை அழுதாள். காளையார்கோவில் பக்கம் ஒரு செங்கல் சூளையில் ஒளிந்திருந்த தம்பியைப் பிடித்து வேனில் போட்டுவிட்டார்கள், கோட்டையூருக்குத்தான் கொண்டு போகிறார்களாம். செந்தாமரை ஸ்டேஷனுக்கு போன் போட்டாள். ஜீப் கிளம்பிவிட்டது, பத்து நிமிடம் என்றார்கள். மணி மூன்றேகால். பின்சந்தில் வேன் வந்து நின்ற சத்தம் அவளுக்கே கேட்டது. அவள் சொல்வதற்குள் வின்சி எழுந்து முன்கட்டை நோக்கி ஓடினாள்.

பின்வாசல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்கள். பங்காளிகள் இருவரும் முத்தரசை ஒரு மூட்டையைப் போலத் தூக்கி அந்தக் கறைமேல் எறிந்தார்கள். முகம் என்று சொல்ல ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது. வலது கை விரல் இரண்டு பின்பக்கமாக வளைந்து தொங்கின. ஆண்டனி ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான்.

"கழுவு."

முத்தரசு உடைந்த கையால் தரையைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் காய்ந்தது இளகிச் சிவப்பாக ஓடியது. தேய்த்துக்கொண்டே, நான் இல்லண்ணே, நான் இல்லண்ணே என்று மூச்சோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

செந்தாமரை நடுவில் போய் நின்றாள். இவன் இல்லை, படம் இருக்கிறது, கண்ணால் பார் என்றாள். ஆண்டனி திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படம் காட்டுறீகளா?" என்று ஒரே வீச்சு. திரை இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. அடுத்த வீச்சு முத்தரசின் கழுத்துக்கு வந்தது. செந்தாமரை கையைக் குறுக்கே கொடுத்தாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்து, அப்புறம்தான் சிவந்தது. மறு கையால் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். அதை ஒடிக்கத் தெரியும். ஒடித்தால் மற்ற இருவரும் அவள்மேல் பாய்வார்கள், முத்தரசின் உயிர் போய்விடும். ஒடிக்காமல் தொங்கினாள். அவள் எடையையும் சேர்த்து அரிவாள் மேலே போனது.

"தம்பி, அவன விடுங்க."

உள்கதவில் மெர்சி நின்றாள். பின்னால் வின்சி.

"நீங்க உள்ள போங்க மதினி. இது ஆம்பளைக காரியம்."

"நான்தான் அடிச்சேன்."

அரிவாள் மேலேயே நின்றது. ஆண்டனிதான் முதலில் பேசினான். கோபம்கூட இல்லை, சலித்துக்கொண்டான். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது, யாராவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். கேமராவில் படத்தை இல்லாமல் ஆக்கியிருக்கிறான், அதெல்லாம் படித்தவன் வேலை, மதினிக்கு போன் சார்ஜ் போடத் தெரிந்தாலே அதிகம் என்று ஒரு பங்காளி சொன்னான். கொலைகாரி என்று தன்னை நம்ப வைக்க அவள் இன்னும் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருக்கும் போல் இருந்தது.

மெர்சி கெஞ்சவில்லை. கழுத்திலிருந்த முந்தானையை எடுத்தாள். செருப்பின் அச்சு நீலமாகப் படிந்திருந்தது.

"மொத அடி இடது காதுக்குப் பின்னாடி. நாலாவதுல மூச்சு நின்னுச்சு. மொத்தம் பதினொண்ணு."

ஆண்டனியின் கை செந்தாமரையின் பிடிக்குள் தளர்ந்தது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் அண்ணனின் தலையில் துணி சுற்றியவன் அவன். தைத்த காயங்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணியவன். எண்ணிக்கையை யாரிடமும் சொல்லவில்லை. அத்தனையையும் முத்தரசிடம் திருப்பிக் கொடுக்க மனதுக்குள் வைத்திருந்தான். "பதினொண்ணு," என்றான் அவனும், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அரிவாள் கீழே விழுந்தது. முத்தரசு அதைப் பார்த்து, தவழ்ந்து, சுவரோரம் போய்ச் சுருண்டான். தெருவில் ஜீப் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வின்சி தன் துப்பட்டாவைக் கிழித்துச் செந்தாமரையின் கையில் கட்டினாள். படம் கிடைத்ததை மெர்சியிடம் சொல்லித்தான் கூட்டி வந்தாயா என்று செந்தாமரை அவள் காதோடு கேட்டாள். வின்சி தலையாட்டி மறுத்தாள்.

"முத்தரசக் கொண்டாந்துட்டாகன்னு மட்டும்தான் சொன்னேன். அவுகளா எந்திரிச்சு வந்தாக."

ஆண்டனி கறைமேலேயே உட்கார்ந்துவிட்டான். ஏன் என்று கேட்டான். அடிச்சாரா, அது தெரிஞ்சதுதானே, இத்தனை வருஷம் பொறுத்தீகளே மதினி, செவ்வாக்கிழமை மட்டும் ஏன் என்று குழந்தை மாதிரி கேட்டான். அறையில் இருந்த எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சுவரோரம் கிடந்தவனின் ஒற்றைக் கண்ணும் பார்த்தது.

சொல்வதற்கு மெர்சியிடம் இருபத்திரண்டு வருடக் குடித்தனம் இருந்தது.

"எழுபது கேள்வி தம்பி," என்றாள். "அறுபத்துமூணு முடிச்சுட்டேன். ஏழுதான் பாக்கி இருந்துச்சு."